தீவோரத்தில் யாட் எனும் பாய்மரப் படகை நிறுத்துவது எப்படி: நங்கூரம், மிதவை, துறைச்சுவர்

வெப்பமண்டலத் தீவின் ஓரத்தில் நங்கூரம் பாய்ச்சும் இடத்தை நாம் தேர்ந்தெடுப்பது பகல் வெளிச்சத்தில், காற்று சீராக அடிக்கும்போது. அந்த இடம் சரிதானா என்று தெரிவது இரவு இரண்டு மணிக்கு, கருமேகத்தோடு வரும் காற்று எதிர்த்திசையிலிருந்து அடிக்கும்போது. படகு கரை தட்டினால் பழியை நங்கூரத்தின் மேல் போடுவார்கள். ஆனால் பலமுறை காரணம் வேறாக இருக்கும்: விட்ட சங்கிலி போதவில்லை, தரை சரியில்லை, அல்லது படகு முழு வட்டம் சுற்றிவர இடமில்லை. இந்த மூன்றையும் பகலிலேயே சரிபார்க்கலாம்.

கணக்குகள் தெளிவாக இருக்க, கீழே எல்லா இடத்திலும் ஒரே படகை எடுத்துக்கொள்வோம். நீளம் 12 மீட்டர், தண்ணீருக்குள் இறங்கும் ஆழம் 2 மீட்டர், 10 மி.மீ. சங்கிலி 80 மீட்டர், 25 கிலோ எடையுள்ள புதுவகைக் கலப்பை நங்கூரம். உங்கள் படகுக்கு ஏற்ப எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். முறை மாறாது.

தண்ணீரின் நிறம் படிப்பது

பவளப்பார் சூழ்ந்த தீவை நெருங்கும் நேரத்தை முடிவு செய்வது கடிகாரம் அல்ல, சூரியன். சூரியன் உச்சியிலோ உங்கள் முதுகுக்குப் பின்னாலோ இருந்தால்தான் தண்ணீருக்கு அடியில் இருப்பது தெரியும். காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் இரண்டு, மூன்று மணி வரை நல்ல நேரம். மாலையில் மேற்கு நோக்கிப் போனால் கடல் முழுவதும் வெள்ளித் தகடாக மின்னும், முன்னால் பார் இருந்தாலும் தெரியாது. காலையில் கிழக்கு நோக்கிப் போனாலும் அப்படியே. போலராய்டு கண்ணாடி கட்டாயம். ஒருவர் படகின் முன்முனையான அணியத்தில் நிற்க வேண்டும், முடிந்தால் பாய்மரத்தின் குறுக்குக்கட்டை வரை ஏறி நிற்பது இன்னும் நல்லது. மூன்று மீட்டர் உயரம் கூடினாலே பார்வை முற்றிலும் வேறு.

கரும்நீலம் என்றால் ஆழம். வெளிர்நீலப் பச்சை என்றால் சில மீட்டர் ஆழத்தில் வெண்மணல், நாம் தேடும் இடம் இதுதான். நிறம் வெளுத்து ஏறக்குறைய வெள்ளையாகிவிட்டால் மணல்திட்டு, தண்ணீர் முழங்காலளவுகூட இருக்கலாம். பழுப்பும் மஞ்சள் கலந்த பழுப்பும் பவளம் அல்லது பாறை, மேற்பரப்புக்கு மிக அருகில். அடர்பச்சைத் திட்டுகள் பெரும்பாலும் கடற்புல். மேக நிழலும் பாரைப் போலவே கருமையாகத் தெரியும். ஓரிரு நிமிடம் உற்றுப் பாருங்கள், நிழல் நகரும், பார் நகராது.

வரைபடத்தை மட்டும் நம்பி உள்ளே போகாதீர்கள். பல தீவுகளின் ஆழ அளவீடு ஈயக்குண்டு கட்டிய கயிற்றால் எடுக்கப்பட்ட காலத்தது. பழைய வரைபடத்தின் ஆயத்தொலைவு ஜி.பி.எஸ். காட்டும் இடத்தோடு பொருந்தாமல் போவதும் உண்டு. செயற்கைக்கோள் படத்தை முன்கூட்டியே இறக்கி வைத்து அதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். தெரியாத இடத்துக்குள் இரவில் நுழையவே வேண்டாம். இருட்டிவிட்டால் கரையிலிருந்து விலகி, பாயைச் சுருக்கிக்கொண்டு விடியும்வரை கடலில் காத்திருப்பது எவ்வளவு சலிப்பாக இருந்தாலும் அதுதான் சரி.

பாருக்கு நடுவே உள்ள வாயில் வழியாகக் காயலுக்குள் நுழைவதாக இருந்தால் நீவாடும், அதாவது நீரோட்டமும், சேர்ந்துகொள்ளும். பெரிய அலை வெளிப்பாரின் மேல் உடைந்து காயலுக்குள் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீர் வெளியேற அந்த ஒரு வாயில்தான் வழி. அதனால் அலை பெரிதாக உள்ள நாட்களில் வெளியோட்டம் கடல்மட்டத்தின் ஏற்ற வற்ற அட்டவணை சொல்வதைவிட நெடுநேரம் நீடிக்கும், ஓட்டம் நிற்கும் நேரமும் தள்ளிப்போகும். பசிபிக்கின் துவாமோத்து பவளத்தீவுகளில் இந்த ஓட்டம் 6 நாட் வேகத்தை (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், சுமார் 1.85 கி.மீ.) தாண்டும் நேரங்கள் உண்டு, சாதாரண யாட்டின் எஞ்சின் வேகமே அவ்வளவுதான். வெளியோட்டமும் எதிர்க்காற்றும் மோதும் இடத்தில் அலை செங்குத்தாக எழுந்து நிற்கும். வாயிலுக்கு வெளியே நின்று பத்து நிமிடம் பாருங்கள். தண்ணீர் கொதிப்பது போல் இருந்தால் நுழையாதீர்கள்.

எந்தப் பக்கம் ஒதுங்குவது

ஆண்டின் பெரும்பகுதி ஒரே திசையிலிருந்து வணிகக்காற்று அடிக்கும் தீவுகளில், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே அது வடகிழக்கிலிருந்தும், தெற்கே தென்கிழக்கிலிருந்தும் வரும். தீவின் மறைவுப்பக்கம் ஒதுங்குவது இயல்பு. ஆனால் மறைவு என்பது காற்றுக்கு மட்டும்தான். அலை தீவின் முனையைச் சுற்றி வளைந்து மறைவுப்பக்கமும் வரும். உயர்ந்த மலை உள்ள தீவில், மலை உச்சியைத் தாண்டிய காற்று சரிவில் விழுந்து, வெளியே அடிப்பதைவிட வேகமாக விட்டுவிட்டு அடிக்கும். பள்ளத்தாக்கின் வாய்க்கு நேரே நங்கூரம் பாய்ச்சினால் இது இன்னும் மோசம்.

இரவில் நிலக்காற்று எழும்பி படகைத் திருப்பிவிடும். கருமேகம் வந்தால் காற்று 30, 40 நாட்டாக ஏறி, கரையை நோக்கியே கால் மணியோ அரை மணியோ அடிக்கும். ஆகவே இடம் பார்க்கும்போது கேள்வி "இப்போது காற்று எங்கிருந்து?" என்பதல்ல, "எந்தத் திசைக்குத் திரும்பினால் படகின் பின்புறம் எதில் இடிக்கும்?" என்பதே. எதிலும் இடிக்காத இடம் கிடைக்கும்வரை தேடுங்கள்.

தரை

வெண்மணல் முதல் தேர்வு. கெட்டிச்சேறும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் குழைசேற்றில் நங்கூரம் அடங்கக் கொஞ்ச நேரம் ஆகும். கடற்புல் ஏமாற்றும்: நங்கூரத்தின் முனை புல்லின் வேர்ப்பாயின் மேலேயே சறுக்கும். எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டும்போது பிடித்ததுபோல் இருந்துவிட்டு, காற்று கூடும்போது ஒரு கட்டுப் புல்லோடு கழன்றுவரும். அப்படி வந்த நங்கூரம் மறுபடி மண்ணைக் கவ்வாது, புல்பந்து முனையை மூடிவிடும். புல்தரை மீன்குஞ்சுகளும் ஆமைகளும் வாழும் இடம் என்பதால் அதில் பள்ளம் பறிக்கவும் கூடாது. பவளத்துண்டுகள் குவிந்த தரையில் நங்கூரம் உருளும். உயிருள்ள பவளத்தின் மேல் நங்கூரம் போடுவது பல நாடுகளில் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாத இடத்திலும் செய்யக்கூடாத செயல் அது. கிளைப்பவளம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர், கட்டிப்பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். ஒரு இரவு சங்கிலி உரசியதை ஆற்றப் பல்லாண்டு ஆகும்.

எவ்வளவு சங்கிலி

இங்கேதான் கணக்கு அதிகம் தப்புகிறது. ஐந்து மடங்கு விட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். எதற்கு ஐந்து மடங்கு என்பதில்தான் கோட்டைவிடுகிறோம்.

ஆழமானி 6 மீட்டர் காட்டுகிறது. அதன் உணரி நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே இருக்கிறது, ஆக உண்மை ஆழம் 6.5. இப்போது வற்றம், ஏற்றத்தில் 0.7 மீட்டர் கூடும், ஆக 7.2. சங்கிலி இறங்கும் உருளை நீர்மட்டத்துக்கு 1.3 மீட்டர் மேலே இருக்கிறது, மொத்தம் 8.5. இதன் ஐந்து மடங்கு 42.5, சுற்றிக் கணக்கிட்டால் 45 மீட்டர். ஆழமானி காட்டிய 6 மீட்டரை மட்டும் ஐந்தால் பெருக்கி 30 மீட்டர் விட்டவர், ஏற்றம் வந்த நேரத்தில் மூன்றரை மடங்கில் தொங்கிக்கொண்டிருப்பார். அமைதியான இரவில் அது தாங்கும். கருமேகம் வந்தால் தாங்காது. உங்கள் ஆழமானி நீர்மட்டத்திலிருந்து காட்டுகிறதா, உணரியிலிருந்தா, அடிக்கட்டையிலிருந்தா என்பதை ஒருமுறை கயிற்றில் எடைகட்டி இறக்கி அளந்து, கருவிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்.

முழுச்சங்கிலிக்கு 5 மடங்கு சாதாரண நாளுக்கு. 25 நாட்டுக்கு மேல் காற்று எதிர்பார்த்தால் 7 மடங்கு. சங்கிலியும் கயிறும் கலந்திருந்தால் சாதாரண நாளுக்கே 7. காற்றின் விசை வேகத்தின் இருமடியாக ஏறும் என்பதை மறக்காதீர்கள்: 15 நாட்டிலிருந்து 30 நாட்டானால் இழுவிசை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. அந்த இழுப்பில் சங்கிலியின் தொய்வு ஏறக்குறைய மறைந்து நேர்கோடாகிவிடும். தொய்வு போன பிறகு ஒவ்வொரு அலையும் நங்கூரத்தை வெடுக்கென்று இழுக்கும்.

அந்த வெடுக்கைத் தாங்கத்தான் நைலான் இழுவைக் கயிறு. 14 மி.மீ. தடிமன், மூன்று புரி முறுக்கிய நைலான், 8 முதல் 10 மீட்டர் நீளம். ஒரு முனையைக் கொக்கியாலோ உருளும் முடிச்சாலோ சங்கிலியில் மாட்டி, மறுமுனையை அணியத்தில் கயிறு கட்டும் கொம்பான கிளீட்டில் கட்டி, இன்னும் இரண்டு மீட்டர் சங்கிலி விட்டால் பாரம் கயிற்றுக்கு மாறி, சங்கிலி தொய்ந்து தொங்கும். பாலியெஸ்டரோ பாலிபுரொப்பிலீனோ இந்த வேலைக்கு உதவாது, இரண்டும் நைலான் அளவுக்கு நீண்டு கொடுக்காது. கயிறு உருளையில் உரசும் இடத்தில் தோட்டக் குழாயை நீளவாக்கில் கீறிச் சுற்றிக் கட்டுங்கள். விஞ்சின் (சங்கிலியைத் தூக்கும் எந்திரம்) மேல் பாரத்தை இரவு முழுவதும் விடாதீர்கள், அதன் பற்சக்கரமும் தண்டும் தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கல்ல.

45 மீட்டர் சங்கிலியும் 12 மீட்டர் படகும் சேர்ந்தால் சுற்றும் வட்டத்தின் ஆரம் 57 மீட்டர், குறுக்களவு நூறு மீட்டருக்கு மேல். பக்கத்தில் இருப்பவர் கயிற்றில் நின்றால் அவர் படகு வேறு விதமாகச் சுற்றும். இரட்டைமேனிப் படகுகளும் காற்றில் வேறு மாதிரி ஓடும். முதலில் வந்தவருக்கே அந்த வட்டத்தில் உரிமை, பிறகு வந்தவர் விலகிப் போக வேண்டும். அவர் எவ்வளவு சங்கிலி விட்டிருக்கிறார் என்று டிங்கி எனும் சிறு துணைப்படகில் போய்க் கேட்பதில் தவறே இல்லை.

பாய்ச்சும் வரிசை

முதலில் தேர்ந்த இடத்தைச் சுற்றி மெதுவாக ஒரு வட்டம் போடுங்கள், படகு நாளை சுற்றப்போகும் வட்டம் எதுவோ அதே அளவில். ஆழமானியைப் பார்த்துக்கொண்டே போனால் தனியாக நிற்கும் பவளக்குன்று எங்கே என்று இப்போதே தெரிந்துவிடும்.

பிறகு எஞ்சினை ஓடவிட்டு விஞ்சை இயக்குங்கள். 1,000 வாட் மோட்டார் 12 வோல்ட்டில் 80 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், பேட்டரியை மட்டும் நம்பினால் நடுவில் நின்றுபோகும். காற்றுக்கு நேராக அணியத்தைத் திருப்பி, மணல்திட்டின் மேல் படகை முழுக்க நிறுத்துங்கள். படகு பின்னோக்கி நகரத் தொடங்கியதும் நங்கூரத்தைக் கீழே விடுங்கள். படகு நிற்கும்போதே 45 மீட்டரையும் கொட்டினால் சங்கிலி நங்கூரத்தின் மேல் குவிந்து, முனையைச் சுற்றிக்கொண்டு அதை மல்லாத்திவிடும்.

படகு பின்வாங்கும் வேகத்துக்கு ஏற்பச் சங்கிலியை விட்டு, ஆழத்தின் மூன்று மடங்கு ஆனதும் மெல்ல நிறுத்துங்கள். அணியம் நங்கூரத்தை நோக்கித் திரும்பினால் அது கவ்வத் தொடங்கிவிட்டது. மீதியை விட்டு 45 மீட்டர் ஆனதும் சங்கிலித் தடையைப் போடுங்கள். எஞ்சினைப் பின்கியரில் மெதுவாக ஓட்டி அரை நிமிடம், பிறகு படிப்படியாக முழுவேகத்தின் மூன்றில் இரண்டு பங்கு வரை ஏற்றி இன்னொரு அரை நிமிடம். இந்த நேரத்தில் பக்கவாட்டில் கரையில் இரண்டு பொருள்களை நேர்கோட்டில் பிடியுங்கள், பாறைக்குப் பின்னால் தென்னை என்பது போல. அந்த நேர்கோடு பிசகக் கூடாது. அணியத்தில் நிற்பவர் வெறுங்காலால் சங்கிலியைத் தொட்டுப் பார்க்கட்டும். பிடித்த சங்கிலி இறுகி அமைதியாக இருக்கும். இழுபடும் சங்கிலி கடகடவென்று அதிரும், அந்த அதிர்வு பாதத்தில் தெளிவாகத் தெரியும்.

வெப்பமண்டலத்தில் நமக்குக் கிடைத்த பெரிய வசதி தெளிந்த வெதுவெதுப்பான தண்ணீர். எஞ்சினை நிறுத்திவிட்டு முகமூடி போட்டு நீந்திப் போய் நங்கூரத்தைப் பாருங்கள். அலகு முழுவதும் மணலுக்குள் போயிருக்க வேண்டும், தண்டின் பாதியாவது மறைந்திருக்க வேண்டும். நங்கூரம் பக்கவாட்டில் படுத்து ஒரு முனை மட்டும் குத்தியிருந்தால் அது பிடிமானம் அல்ல. திரும்பி வந்து முதலிலிருந்து செய்யுங்கள். மூன்று முறை முயன்றும் அடங்கவில்லை என்றால் தரைதான் சரியில்லை, இடத்தை மாற்றுங்கள்.

பவளக்குன்றுகளுக்கு நடுவே: சங்கிலியை மிதக்க விடுவது

காயலுக்குள் பெரிய மணல்வெளி அரிது. சிறு மணல்திட்டும் அதைச் சுற்றிப் பவளக்குன்றுகளும் இருக்கும். காற்று திரும்பத் திரும்பச் சங்கிலி குன்றைச் சுற்றிக்கொள்ளும். பவளம் நொறுங்குவது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 45 மீட்டர் விட்டிருந்தாலும் படகுக்கும் குன்றுக்கும் இடையே 12 மீட்டர்தான் மிஞ்சும், அதுவும் ஏறக்குறைய செங்குத்தாக. அலை வந்து அணியத்தைத் தூக்கும்போது சங்கிலியால் நீள முடியாது. உருளை வளையும், இழுவைக் கயிறு அறும், மோசமான இரவில் கிளீட்டே பெயர்ந்து வரும்.

இதற்குத் தீர்வு மிதவைகள். நங்கூரத்தை மணல்திட்டில் மேலே சொன்னபடி அடக்குங்கள். நங்கூரத்தை ஒட்டிய 15, 20 மீட்டர் சங்கிலி தரையிலேயே கிடக்க வேண்டும், இழுப்பு கிடைமட்டமாக இருக்க அது தேவை. அதன் பிறகு ஒவ்வொரு 6 மீட்டருக்கும் ஒரு கடின மிதவையைச் சிறு கயிறும் கொக்கியும் கொண்டு மாட்டியபடியே சங்கிலியை விடுங்கள். 10 மி.மீ. சங்கிலி ஒரு மீட்டருக்குச் சுமார் 2.2 கிலோ, தண்ணீருக்குள் 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆறு மீட்டர் சங்கிலியைத் தூக்க 12 லிட்டர் அளவுள்ள ஒரு மிதவை போதும். முத்துப்பண்ணைகளில் பயன்படும் உருண்டை மிதவை இதற்கு மிகப் பொருத்தம். காற்றடைத்த ஃபெண்டரை (படகின் பக்கம் உரசாமல் இருக்கத் தொங்கவிடும் மெத்தை) கட்டினால் ஆழத்தின் அழுத்தத்தில் சுருங்கி மிதப்பை இழக்கும். மிதவைகள் நீர்மட்டத்துக்கு வரக் கூடாது, சங்கிலியைப் பவளத்துக்கு மேலே தூக்கி வைத்தால் போதும். காற்று ஓய்ந்தால் படகை ஒட்டியவை மேலே எழும்பி வரலாம், டிங்கியின் எஞ்சின் இறக்கை (தண்ணீரைத் தள்ளும் விசிறி) அதில் சிக்காமல் பாருங்கள். இதற்கு இரண்டு பேர் தேவை, ஒருவர் விஞ்சில், ஒருவர் கொக்கியோடு. கை சங்கிலிக்கும் உருளைக்கும் நடுவே போகவே கூடாது.

இரவுக்கு முன்

ஜி.பி.எஸ். எச்சரிக்கை மணியை நங்கூரம் தரையைத் தொட்ட நொடியில் அந்த இடத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். படகு பின்வாங்கி நின்ற பிறகு குறித்தால் வட்டத்தின் மையமே தவறாகிவிடும், காற்று திரும்பியதும் காரணமின்றி மணி அடிக்கும், நீங்கள் எரிச்சலில் அதை அணைத்துவிடுவீர்கள். ஆரம் விட்ட சங்கிலி, படகின் நீளம், அதற்கு மேல் ஒரு 10 மீட்டர்.

சர்வதேசக் கடல்மோதல் தடுப்பு விதிகளின் 30ஆம் விதிப்படி, நங்கூரமிட்ட 50 மீட்டருக்குக் குறைந்த படகு, இரவில் எல்லாத் திசையிலும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கையும், பகலில் முன்பகுதியில் ஒரு கருப்பு உருண்டையையும் காட்ட வேண்டும். விளக்கு மரத்தின் உச்சியில் மட்டும் இருந்தால், டிங்கியில் தாழ உட்கார்ந்து வருபவர் அதை நட்சத்திரம் என்று எண்ணிவிடலாம். தளத்தில் இன்னொரு சிறு விளக்கு வையுங்கள்.

டிங்கியைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் கட்டுங்கள், எஞ்சினைப் பூட்டுங்கள். வெளியேறும் திசையின் கோணத்தைக் காகிதத்தில் எழுதிச் சுக்கானுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்: "190 பாகை, அரை மைல், இருபுறமும் பார் இல்லை" என்பதுபோல. மழை அடிக்கும் இருட்டில் கரை எது கடல் எது என்று தெரியாத நேரத்தில் அந்த ஒரு வரி உதவும். பகலில் உள்ளே வந்த தடத்தை ஜி.பி.எஸ்.இல் சேமித்திருந்தால் இன்னும் நல்லது.

அலை பக்கவாட்டில் வந்து படகு உருண்டுகொண்டே இருந்தால் தூக்கம் போய்விடும். அணியத்துக்கு முன்னால் சங்கிலியில் ஒரு நீண்ட கயிறு மாட்டி, அதைப் படகின் வெளிப்புறமாகப் பின்பக்க விஞ்சுக்குக் கொண்டுவந்து இறுக்கினால், படகு காற்றுக்குச் சாய்வாக நின்று அணியம் அலையைப் பார்க்கும். காற்று கூடினால் பக்கவாட்டில் அதிகக் காற்று படும், அப்போது உடனே தளர்த்த வேண்டும். பின்னங்கூரமும் போடலாம், ஆனால் பக்கத்தில் உள்ள எல்லோரும் போட்டிருந்தால் மட்டுமே. எல்லோரும் சுற்ற, நீங்கள் மட்டும் நின்றால் மோதல் நிச்சயம்.

இழுபட்டால்

படகு காற்றுக்கு முகம் காட்டாமல் பக்கவாட்டில் நின்றாலோ, சங்கிலி அதிர்ந்தாலோ, மணி அடித்தாலோ முதல் வேலை எஞ்சினை இயக்குவது. அதற்கு முன் தண்ணீரில் கயிறு ஏதும் தொங்குகிறதா என்று ஒருமுறை பாருங்கள், இறக்கையில் கயிறு சுற்றினால் கடைசி வழியும் அடைபடும். பின்னால் இடமிருந்தால் இன்னும் 20 மீட்டர் விடுங்கள், மெதுவாக விட்டு மெதுவாகப் பிடியுங்கள். இடமில்லையென்றால் நேரம் கடத்தாமல் தூக்கிவிட்டு வேறிடம் போங்கள். கருமேகத்தின் நடுவே தூக்கவும் முடியவில்லை என்றால், எஞ்சினை முன்கியரில் மெதுவாக ஓட்டி அணியத்தைக் காற்றுக்கு நேராக வைத்தே அரை மணியைக் கடத்தலாம். சங்கிலியைத் தாண்டி முன்னே போய்விடாதீர்கள்.

சங்கிலியின் கடைசி முனை பெட்டிக்குள் ஷாக்கிளால் (ஊசியால் பூட்டும் இரும்பு வளையம்) கட்டப்பட்டிருந்தால் இன்றே மாற்றுங்கள். தளத்துக்கு மேலே வரும் நீளத்துக்கு ஒரு கயிற்றால் கட்டுங்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓட வேண்டிய நிலை வந்தால் கத்தியால் ஒரே வெட்டு, முனையில் மிதவை ஒன்று. மறுநாள் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

புயல்காலம் தனிப்பாடம். தென்பசிபிக்கிலும் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியிலும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை, வட அட்லாண்டிக்கில் ஜூன் முதல் நவம்பர் வரை. நிலநடுக்கோட்டிலிருந்து 5 பாகைக்குள் புயல் உருவாவது மிக அரிது. அந்த மாதங்களில் அந்தக் கடலில் இல்லாமலிருப்பதே முதல் பாதுகாப்பு. மாட்டிக்கொண்டால் திறந்த தீவோரத்தில் நிற்காமல் அலையாத்திக் காட்டுக் கழிக்குள் போய், பாய்களை எல்லாம் கழற்றி உள்ளே வைத்து, பல திசைகளிலும் கயிறு கட்டுங்கள்.

மிதவைக் கட்டு

பல கடற்பூங்காக்களில் நங்கூரத்துக்குப் பதிலாக நிலையான மிதவைகள் போட்டிருப்பார்கள். மேலே பளபளக்கும் மிதவை கீழே தேய்ந்த ஷாக்கிளோடு நிற்கலாம். எவ்வளவு எடைக்கு, எத்தனை மீட்டர் படகுக்கு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதியிருந்தாலும் நீந்திப் போய்க் கயிற்றையும் ஷாக்கிளையும் தரையில் உள்ள கட்டையையும் பாருங்கள். ஷாக்கிளின் ஊசி பாதி தேய்ந்திருந்தாலோ, கயிற்றில் சிப்பி படிந்து உள்ளே இழை அறுந்திருந்தாலோ அதில் இரவு தங்காதீர்கள்.

காற்றுக்கு எதிராக மெதுவாக வந்து கொக்கிக்கழியால் எடுங்கள். கட்டும் விதத்தில் ஒரு பிழை அடிக்கடி நடக்கும்: ஒரே கயிற்றை இடது கிளீட்டிலிருந்து வளையத்துக்குள் நுழைத்து வலது கிளீட்டுக்குக் கொண்டுபோவது. படகு அசைய அசையக் கயிறு வளையத்தில் ரம்பம்போல் அறுக்கும், விடிவதற்குள் போய்விடும். இரண்டு தனிக்கயிறுகள் எடுங்கள். இடதுபுறக் கயிறு வளையத்துக்குள் போய் இடதுபுறக் கிளீட்டுக்கே திரும்பட்டும், வலதும் அப்படியே. ஒன்று அறுந்தாலும் மற்றது நிற்கும்.

துறைச்சுவரில்

வேறு நாட்டிலிருந்து வந்தால் முதலில் நுழைவுத் துறைமுகம். மஞ்சள் கொடியை ஏற்றி, வி.எச்.எஃப். வானொலியின் 16ஆம் அலைவரிசையில் துறைமுகத்தை அழைத்து, அனுமதி முடியும்வரை யாரும் கரை இறங்காமல் இருக்க வேண்டும். முந்தைய துறைமுகத்தின் புறப்பாட்டுச் சான்று கையில் இல்லாமல் கிளம்பிவிடாதீர்கள், இங்கே முதலில் கேட்பது அதைத்தான்.

தீவுகளின் சிறு துறைச்சுவர்கள் வணிகப்படகுகளுக்காகக் கட்டியவை. கரடுமுரடான கான்கிரீட், தொங்கும் பழைய டயர், உள்ளே வரும் அலை ஏற்றம். தனித்தனித் தூண்களாக இருந்தால் ஃபெண்டர் தூணுக்கு விலகிப் போய்விடும். இரண்டு ஃபெண்டருக்கு வெளியே நீளமான பலகை ஒன்றைத் தொங்கவிடுங்கள், தூண் பலகையில் உரசட்டும்.

பக்கவாட்டில் ஒட்டும்போது வலச்சுற்று இறக்கையுள்ள படகு பின்கியரில் பின்புறத்தை இடதுபக்கம் இழுக்கும். ஆகவே காற்று வேறு சொல்லாதவரை இடப்பக்கம் சுவரில் படும்படி வருவது எளிது. ஆள் குறைவாக இருந்தால் நடு கிளீட்டிலிருந்து ஒரு கயிறு போதும்: அதைச் சுவரில் பின்னால் உள்ள தூணில் மாட்டி, முன்கியரில் மெதுவாக ஓட்டி, சுக்கானைச் சுவருக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால் படகு தானாகச் சுவரோடு ஒட்டி நிற்கும். பிறகு அவசரமின்றி மற்றக் கயிறுகளைக் கட்டலாம். கிளம்பும்போது காற்று சுவரோடு அழுத்தினால், அணியத்திலிருந்து பின்னோக்கிப் போகும் ஸ்பிரிங் கயிற்றை மட்டும் வைத்து, அணியத்தில் பெரிய ஃபெண்டர் வைத்து, சுக்கானைச் சுவர்ப்பக்கம் திருப்பி முன்கியர் போடுங்கள். பின்புறம் வெளியே விலகும், அப்போது பின்கியரில் வெளியேறலாம்.

இடம் குறைந்த துறையில் பின்புறத்தைச் சுவருக்குக் காட்டி நிற்பார்கள். 12 மீட்டர் படகுக்குச் சுவரிலிருந்து 45, 50 மீட்டர் தள்ளி நங்கூரத்தைப் போட்டு, நேராகப் பின்வாங்கி, பாதி தூரத்தில் சங்கிலியைச் சற்றுப் பிடித்துக் கவ்வவைத்துப் பாருங்கள். காற்று வரும் பக்கத்துப் பின்கயிறு முதலில். அலை ஏற்றம் உள்ள சுவரில் இரண்டு மூன்று மீட்டர் விலகியே நில்லுங்கள், இறங்க டிங்கி போதும். பின்கயிறுகளைக் குறுக்காகக் கட்டினால் பக்கவாட்டு ஆட்டம் குறையும். கயிறு வழியாக எலி ஏறும், வட்டத் தகட்டைக் கயிற்றில் கோத்துவிடுங்கள். அட்டைப்பெட்டிகளில் கரப்பான் முட்டை வரும் என்பதால் சாமான்களைச் சுவரிலேயே பிரித்து எடுத்துக்கொண்டு ஏறுங்கள்.

எடுக்கும்போது

விஞ்சால் படகை இழுக்காதீர்கள். எஞ்சினால் மெதுவாக முன்னே போய்ச் சங்கிலியைத் தொய்யவிட்டு, தொய்ந்ததை மட்டும் சுருட்டுங்கள். செங்குத்தானதும் தடையைப் போட்டுக் கொஞ்சம் காத்திருங்கள், படகின் மேலெழும்பலே நங்கூரத்தைக் கழற்றிவிடும். பவளத்தில் சுற்றியிருந்தால் வெளிச்சம் வந்த பிறகே கிளம்ப வேண்டும். ஒருவர் தண்ணீரிலிருந்து சங்கிலி எந்தப் பக்கம் சுற்றியிருக்கிறது என்று பார்த்துக் கைகாட்ட, படகை அதற்கு எதிர்ச்சுற்றில் மிக மெதுவாகக் கொண்டுபோங்கள். இறுகிய சங்கிலியின் பக்கத்தில் நீந்துபவர் போகக் கூடாது.

சங்கிலியை 10 மீட்டருக்கு ஒருமுறை வண்ணத்தால் குறித்திருந்தால் எவ்வளவு மிச்சம் என்று பார்த்ததும் தெரியும். ஏறிவரும்போதே சேற்றைக் கழுவி விடுங்கள், பெட்டிக்குள் உலர்ந்த சேறு நாறும், துருவையும் கூட்டும். ஆண்டுக்கு ஒருமுறை சங்கிலியின் முனைகளை மாற்றிப் போடுங்கள், நங்கூரப் பக்கத்து 20 மீட்டர்தான் முதலில் துத்தநாகப் பூச்சை இழக்கிறது. நங்கூரம் உருளையில் வந்து உட்கார்ந்ததும், ஷாக்கிளின் ஊசி கழலாமல் கட்டியிருக்கும் கம்பி முழுதாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கடலில் குதித்துவிடாதபடி நங்கூரத்தைத் தனிக்கயிற்றால் தளத்தோடு கட்டுங்கள்.